வெள்ளைக்குக் கிட்டவான ஒரு நிறம்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் வன்னிக் கிளையின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



வன்னிக் கிளையில் நாங்கள் பதினொரு பேர். கிளிநொச்சியில் ஆறு, வவுனியாவில் மூன்று, முல்லைத்தீவில் இரண்டு. இந்த உரையை வாசிப்பது ஒருவர்தான், எழுதியது எல்லோரும். ஆகையால் இதில் "நாங்கள்" என்றே வரும். எங்களில் சிலர் கலியாணம் செய்து வன்னிக்குப் போனவர்கள். இரண்டு பேர் ஆசிரியர் நியமனம் கிடைத்துப் போனவர்கள். மற்றவர்கள் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, கையில் எடுத்ததோடு கிளாலிப் பக்கமும் செம்மணிப் பக்கமும் நடந்து போனவர்கள். போனவர்கள் அங்கேயே நின்றுவிட்டோம்.

விழாக் குழுவினர் "வன்னியில் பழைய மாணவியரின் சேவைகள்" என்று பேசும்படி கேட்டார்கள். கூடி இருந்து யோசித்தோம். சொல்லும்படியாகப் பெரிய சேவை ஒன்றும் எங்களிடம் இல்லை. ஆனால் கடந்த இரண்டு வருடமாக நாங்கள் சந்திக்கும்போதெல்லாம் அதிகம் கதைத்தது எதைப் பற்றி என்று பார்த்தால், அது வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பதைப் பற்றி. பாடப்புத்தகத்தில் "தீந்தை" என்று படித்தோம். கடையில் போய் அப்படிக் கேட்டால் கடைக்காரத் தம்பி மருந்துக் கடையைக் காட்டுவான். ஆகவே பெயின்ற் என்றே சொல்கிறோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி "நல்ல நிறமாப் பார்த்து அடியுங்கோ" என்று சொல்கிறவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் இதில் பங்குண்டு.

முதலில் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009 மே மாதத்துக்குப் பிறகு மெனிக் பாம், அதன் பிறகு மீள்குடியேற்றம். திரும்பிப் போனபோது பலருக்குக் காணி இருந்தது, வீடு இருக்கவில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் 2012 ஒக்ரோபர் 2ஆம் திகதி காந்தி பிறந்த நாளில் தொடங்கியது. புதிய வீடு கட்ட ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டம் கட்டமாக வங்கிக்கு வரும். வீட்டுக்காரரே நின்று கட்ட வேண்டும். அத்திவாரம், சுவர், கூரை என்று போய்ப் பூச்சு முடிவதற்குள் பணம் முடிந்துவிடும். எங்கள் கிளையில் நான்கு பேர் அப்படிக் கட்டியவர்கள்தான். பூச்சு முடிந்த இடத்தில் வீடும் நின்றது. ஆறு ஏழு வருடம் சீமெந்து நிறத்திலேயே இருந்தோம். ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் ஊர் முழுக்க அந்த ஒரே நிறம்தான். பழகிப்போய்விட்டது, அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பிறகு பிள்ளைகள் உழைக்கத் தொடங்கினார்கள். பணம் வந்தது. அதோடு நிறமும் வரத் தொடங்கியது.

எங்களில் மூத்த அக்காவின் வீடு முரசுமோட்டைப் பக்கம். ஐம்பதுகளில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து அவவின் மாமனார் கட்டிய பழைய கல்வீடு. சண்டையில் கூரையும் முன்பக்கமும் போய்விட்டன. பின்பக்கத்தில் நெல் அறையும் அதோடு ஒட்டிய இரண்டு சுவர்களும் மிஞ்சின. நெல் அறைக்கு மேலே மாமனார் சிறிய கொங்கிறீற் தட்டு ஒன்று போட்டிருந்தபடியால் அதற்குள் மழை இறங்கவில்லை. மிஞ்சிய அந்தச் சுவர்களோடு சேர்த்துத்தான் புதிய வீட்டையும் கட்டினா. ஆக, பாதி வீடு சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய கல், மீதி சீமெந்துக் கல். இது பிறகு எங்களுக்கு எவ்வளவு கரைச்சல் தந்தது என்று சொல்கிறோம்.

மகள் ஸ்காபரோவில். பணம் அனுப்பியதோடு நிறமும் அனுப்பினா. "அம்மா, இஞ்ச எல்லாரும் லைற் கிறேதான் அடிக்கினம். வடிவா இருக்கும், ஊத்தை தெரியாது." வாட்ஸ்அப்பில் தன் வீட்டு ஹோலின் படமும் வந்தது. உண்மையில் வடிவாகத்தான் இருந்தது. அக்கா ஒரு லீற்றர் வாங்கி முன் விறாந்தைச் சுவரில் அடித்துப் பார்த்தா. காலையில் பார்த்தால் சாம்பல் நிறம், சரி. பத்து மணிக்குப் பிறகு அது ஊதாவாகத் திரும்பியது. பின்னேரம் பார்த்தால் காயம் பட்டுக் கன்றிய தோல் மாதிரி ஒரு நிறம். "கடைக்காரன் மாறிக் கலந்துபோட்டான்" என்று அவனோடு சண்டைக்குப் போகவும் ஆயத்தம்.

கடைக்காரன் மாறிக் கலக்கவில்லை. மாறிப் போனது வெளிச்சம்.

இதை எங்கள் கிளையில் பௌதிகவியல் படிப்பித்த ரீச்சர்தான் விளங்கப்படுத்தினா. கனடாவிலும் இங்கிலாந்திலும் மத்தியானச் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். அங்கே வடக்குப் பார்த்த அறைக்கு நேர் வெயில் பெரும்பாலும் வராது. வானத்தின் நீல வெளிச்சம்தான் வரும். அதனால்தான் அங்குள்ள சஞ்சிகைகளில் வடக்கறைக்கு மஞ்சள் கலந்த வெள்ளை, தெற்கறைக்குச் சாம்பல் கலந்த வெள்ளை என்று எழுதுகிறார்கள். கிளிநொச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் மத்தியானச் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும். அதன் பிறகு ஆவணி நடுப்பகுதி மட்டும் அது எங்களுக்கு வடக்கே நிற்கும். கோடை முழுக்க வெயில் வாங்குவது எங்கள் வடக்குச் சுவர். அந்தச் சஞ்சிகைச் சூத்திரம் இங்கே தலைகீழ்.

அதைவிட முக்கியமான ஒன்று. உச்சி வெயில் நேராக அறைக்குள் வராது. அது முற்றத்தில் விழுந்து, மண்ணில் பட்டுத் தெறித்து, விறாந்தைக் கூரையின் அடிப்பக்கத்திலும் சுவரிலும் ஏறும். முற்றத்து மண் என்ன நிறமோ அந்த நிறம் சுவரில் கலக்கும். எங்கள் முற்றம் செம்மண், ஒழுங்கை கிறவல். நீலச் சாயல் உள்ள சாம்பலில் அந்தச் சிவப்பு ஏறினால் ஊதாதான் வரும். வாழைத்தோட்டத்தைப் பார்த்த யன்னல் உள்ள அறையில் அதே பெயின்ற் பச்சை தட்டும். முல்லைத்தீவுக் கரையோரம், வெண்மணல் முற்றம் உள்ள வீட்டில் அந்த லைற் கிறே வாங்கியபடியே இருந்தது. எங்கள் முல்லைத்தீவுத் தங்கச்சி ஒருவ இதே நிறத்தை அடித்துவிட்டுச் சந்தோசமாக இருக்கிறா. அவவுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

தொலைபேசிப் படத்தையும் நம்ப வேண்டாம். கமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்து, வெள்ளை என்று அது நினைப்பதை வெள்ளையாக்கிக் காட்டும். ஸ்காபரோ மகளுக்கு அக்கா அனுப்பிய படத்தில் அந்த ஊதா தெரியவே இல்லை. "அம்மா, நல்லாத்தானே கிடக்கு!" தாயும் மகளும் ஒரு கிழமை மனத்தாங்கல். பெயின்ற் விசயத்தில் மனத்தாங்கல் வந்த வீடு இது ஒன்றில்லை. பணம் தருகிறவருக்கு ஒரு ஆசை இருக்கும், அந்தச் சுவருக்குள் இருக்கிறவருக்கு ஒரு கண் இருக்கும். இரண்டும் நியாயம்தான். என்றாலும் எங்களைக் கேட்டால், விடிய எழும்பி அந்தச் சுவரைப் பார்க்கிறவரின் கண்ணுக்கே முதலிடம் கொடுப்போம்.

அப்படியானால் வெறும் வெள்ளை அடிக்கலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டா. "ஒரு வருசம் வெள்ளைத் தறப்பாளுக்குக் கீழ கிடந்தனான். மத்தியானம் கண்ணை மூடினாலும் வெள்ளை. எனக்கு அது வேண்டாம்." அதற்கு மேல் யாரும் கதைக்கவில்லை. மெனிக் பாமில் இருந்த எங்களில் ஐந்து பேருக்கு அது விளங்கியது. மற்றவர்கள் விளக்கம் கேட்கவில்லை.

கண்ணுக்கு நோவில்லாத காரணமும் உண்டு. நிறங்களுக்கு வெளிச்சத்தைத் திருப்பித் தெறிக்கும் அளவு என்று ஒன்று இருக்கிறது; கறுப்புக்குப் பூச்சியத்துக்குக் கிட்ட, வெள்ளைக்கு நூறுக்குக் கிட்ட. சில நிற அட்டைகளின் பின்புறத்தில் இந்த எண் போட்டிருக்கும். கடைக்காரரிடம் கேட்டால் எடுத்துச் சொல்லுவார். தொண்ணூறுக்குக் கிட்டப் போனால் எங்கள் வெயிலுக்குக் கண் கூசும். அறுபதுக்குக் கீழே போனால், தாழ்ந்த கூரையும் சின்ன யன்னலும் உள்ள எங்கள் அறைகள் பகலிலேயே இருண்டுவிடும், மின்விளக்குப் போட வேண்டி வரும். எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையில் ஒன்றை எடுப்பது எங்கள் அனுபவத்தில் சரியாக வந்திருக்கிறது. வெள்ளைக்குக் கிட்டவான நிறங்கள் என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான்.

கடையில் இவற்றுக்கு ஆங்கிலத்தில் பெரிய பெரிய பெயர்கள். ஒன்றும் மனதில் நிற்காது. அட்டைகளை மேசையில் பரப்பி வைத்து நாங்களே பெயர் வைத்தோம். மோர், நுங்கு, கஞ்சி, ஆற்றுமணல், சந்தனம், ஒடியல் மா, புழுங்கலரிசி. பெயர் வைத்த பிறகுதான் ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்றே தெரிந்தது. நுங்கில் ஒரு நீலம் இருக்கிறது. மோரில் கொஞ்சம் பச்சை. புழுங்கலரிசியில் மஞ்சளும் அதற்குள்ளே ஒரு துளி சிவப்பும். தனியே பிடித்துப் பார்த்தால் எல்லாம் வெள்ளை போலத்தான். ஒரு வெள்ளைக் கடதாசிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உள்ளே இருக்கிற சாயல் வெளியே வந்துவிடும். செம்மண் முற்றத்துக்குப் பொருந்தி வந்தவை மஞ்சள், மண் சாயல் உள்ளவைதான். மண்ணோடு சண்டை பிடிக்காதவை. இளம் றோசாச் சாயல் உள்ளவற்றை எடுக்க வேண்டாம். எங்கள் முற்றத்து வெளிச்சத்தில் அவை மிட்டாய்க் கடை ஆகிவிடும். இது வவுனியாவில் ஒரு வீட்டில் நடந்தது. யாருடையது என்று சொல்லமாட்டோம், அவ இங்கேதான் இருக்கிறா.

இடையில் ஒரு சின்னப் புதினம். எந்தக் கடையில் எந்த வெளிர் நிறம் கலந்தாலும் அடியில் இருப்பது ஒரே வெள்ளைத் தூள், தைத்தேனியம் ஈரொட்சைட்டு. முந்தின காலத்தில் வெள்ளைக்கு ஈயத்தைப் பாவித்தார்கள். 1916 அளவில் நோர்வேயிலும் அமெரிக்காவிலும் இந்தத் தூளை வணிகமாகச் செய்யத் தொடங்கிய பிறகு அது மெல்ல மெல்ல ஈயத்தின் இடத்தைப் பிடித்தது. அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? இல்மனைற்று என்ற கனிமத்திலிருந்து. முல்லைத்தீவுக் கரையில் கொக்கிளாயிலிருந்து கீழே புல்மோட்டை வரை கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கிறதே, அந்த மணல்தான். புல்மோட்டையில் அதை அள்ளிப் பிரித்து மூலப்பொருளாகவே கப்பலில் ஏற்றுகிறார்கள். கறுத்த மண்ணாகப் போய் வெள்ளைப் பெயின்றாக எங்களுக்குத் திரும்பி வருகிறது. எங்கள் ரசாயனவியல் ரீச்சர் இருந்திருந்தால் இதை ஒரு பாடமாகவே நடத்தியிருப்பா.

ஈயத்தைச் சொன்னபடியால் இன்னொன்று. இலங்கையில் பெயின்றில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு 2013 தொடக்கம் சட்டப்படி வரம்பு உண்டு. அதற்கு முந்தி எனாமல் அடித்த பழைய கதவு, நிலை, யன்னல் கம்பி இருந்தால், அதை உலரத் தேய்த்துத் தூள் பறக்க விட வேண்டாம். ஈரப்படுத்தித் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். தவழ்கிற பேரப்பிள்ளை இருக்கிற வீட்டில் கட்டாயம்.

நிறத்தைத் தெரிந்த பிறகும் உடனே வாளிக் கணக்கில் வாங்க வேண்டாம். ஒரு லீற்றர் வாங்கி, கடதாசிப் பெட்டியின் மட்டையை ஒரு பெரிய தாளளவுக்கு வெட்டி, இரண்டு முறை அடித்துக் காயவிடுங்கள். சுவரில் நேரே அடித்தால் பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணை ஏமாற்றும். மட்டையைக் காலை, மத்தியானம், பின்னேரம் மூன்று வேளையும் ஒவ்வொரு அறையிலும் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். இரவில் மின்விளக்கிலும் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நீலம் தட்டும் பகல்வெளிச்சப் பல்புகள். அதற்குக் கீழே புழுங்கலரிசி செத்த நிறமாகிவிட்டது. மஞ்சள் வெளிச்சப் பல்பு மாற்றினோம், உயிர் வந்தது. பெயின்றை மாற்றுவதிலும் பல்பை மாற்றுவது மலிவு.

இனி அந்தச் சுவர்.

பெயின்ரர் தம்பி வட்டக்கச்சியிலிருந்து வந்தவர், கெட்டிக்காரன். வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு போய் நெல் அறைக்குள் நின்றார். உள்சுவரில் நெஞ்சளவு உயரத்தில், கதவுக்கு இடப்பக்கம், பென்சிலால் எழுதிய கணக்கு. அக்காவின் அவர் எழுதியது. ஒவ்வொரு போகமும் எத்தனை மூடை வந்தது, யாருக்கு எவ்வளவு கொடுத்தது, விதைநெல் எத்தனை. "2004 காலபோகம்", "2005 சிறுபோகம்" என்று வரிசையாகக் கீழே வருகிறது. கடைசி வரி "2008 சிறுபோகம்". அதற்கு நேரே எண் இல்லை. அவர் 2009இல் எங்களோடு திரும்பி வரவில்லை.

தம்பி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு புற்றி போட்டா ஒரு மணித்தியாலத்தில மறைஞ்சிடும்" என்றார். அவர் தன் வேலையைச் சொன்னார், பிழையில்லை. அக்கா ஒன்றும் பேசாமல் குசினிக்குத் தேத்தண்ணி போடப் போய்விட்டா. நாங்கள் மூன்று பேர் அன்று அங்கே நின்றோம். தேத்தண்ணி வரக் கனநேரம் சென்றது.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவ முதலில், "அதைப் படமெடுத்துப் பெரிசாப் பிறேம் போடுவம், சுவரை வடிவா அடிச்சு விடுங்கோ, அம்மா ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது" என்றா. அதுவும் தாயில் உள்ள அக்கறைதான். எங்களுக்குள்ளும் இரண்டு கருத்து. அடித்து மூடினால் மனம் ஆறும் என்றவர்களும் இருந்தார்கள். கண்ணாடி போட்டு மூட வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னா: "கண்ணாடியும் வேண்டாம், பிறேமும் வேண்டாம். அது கோயில் இல்லை. கணக்கு. அது கிடக்கிற மாதிரிக் கிடக்கட்டும். ஆனா வீடு முழுக்கப் புதுசா இருக்க அது மட்டும் ஊத்தையாத் தெரியக்கூடாது."

இதுதான் உண்மையில் நாங்கள் தீர்க்க வேண்டியிருந்த நிறப் பிரச்சினை. அந்தப் பழைய சுண்ணாம்புச் சுவர் அறுபது வருடத்தில் என்ன நிறமாக வந்திருக்கிறதோ, அந்த நிறத்துக்கு வீடு முழுவதையும் கொண்டுவருவது. ஸ்காபரோ கிறேயோ கடைக்காரரின் அட்டையோ இனிக் கணக்கில்லை. ஒடியல் மாவையும் ஆற்றுமணலையும் புழுங்கலரிசியையும் மட்டைகளில் அடித்து அந்த எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தோம். புழுங்கலரிசி நின்றது.

பழைய சுவருக்கு இமல்ஷன் பெயின்ற் அடிக்க முடியாது என்பது அடுத்த சிக்கல். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடும். மேலே இமல்ஷன் அடித்தால் ஒரு பிளாஸ்ரிக் படலம் போட்ட மாதிரி. மாரியில் ஏறிய ஈரம் வெளியே வர இடமில்லாமல் கொப்பளித்து உரிந்து வரும். சுண்ணாம்புத் தூள் இருக்கிற சுவரில் அது ஒழுங்காக ஒட்டவும் மாட்டாது. ஆகவே பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்பே அடிப்பதென்று முடிவெடுத்தோம். தைப்பொங்கலுக்கு முந்தி அப்பாமார் வெள்ளையடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுண்ணாம்பை நீற வைத்து, சாக்கில் வடித்து, சட்டைக்குப் போடுகிற நீலம் கொஞ்சம் கலந்து. அந்த நீலம் மஞ்சளை மறைத்து வெள்ளையைத் தூக்கிக் காட்டும். நாங்கள் நீலத்தை விட்டுவிட்டு மஞ்சட் காவியும் ஒரு கிள்ளுச் செங்காவியும் கலந்தோம். சுண்ணாம்பு சுவரில் காய்வது வெறும் தண்ணீர் வற்றுவதால் அல்ல. அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துத் திரும்பக் கல்லாக மாறுகிறது. அதனால் அவசரமில்லாமல், மெல்லிசாக, சுவரை நனைத்து நனைத்து மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும். தடிப்பாக அடித்தால் வெடித்துக் கொட்டும். சுண்ணாம்பு காரம். கண்ணில் பட்டால் ஆபத்து, கையுறை போடாமல் தொட வேண்டாம்.

புதிய சீமெந்துச் சுவர்களுக்கு அதே நிறத்தில் இமல்ஷன். இங்கேதான் தம்பிக்குத் தலையிடி. சுண்ணாம்பு ஈரத்தில் கடுமையாகத் தெரியும், காய்ந்தால் நன்றாக வெளுத்துவிடும். இமல்ஷன் ஈரத்தில் வெளுப்பாகத் தெரியும், காய்ந்தால் ஒரு படி கடுமையாகும். ஈரத்தில் இரண்டையும் ஒப்பிடவே கூடாது. முதல் இரண்டு நாள் நாங்கள் ஒப்பிட்டு, காவியைக் கூட்டிக் குறைத்து, மூன்று வாளி சுண்ணாம்பை வீணாக்கினோம். பிறகு தம்பிதான், "அக்காமாரே, நீங்கள் நாளைக்கு வராதேங்கோ, காயட்டும்" என்று துரத்திவிட்டார். காய்ந்த பிறகு பார்த்தால் முதல் நாள் கலந்ததே சரியாக இருந்தது!

எழுத்து இருக்கிற இடத்தைச் சுற்றி ஒரு கதவகலத்துக்குத் தூரிகை படவில்லை. ஓரத்தில் கோடு விழாமல், தம்பி கடற்பஞ்சு மாதிரி ஒரு துணியால் சுண்ணாம்பை ஒற்றி ஒற்றிக் கரைத்துவிட்டார். எங்கே பழசு முடிந்து எங்கே புதுசு தொடங்குகிறதென்று கிட்டப் போனால்தான் தெரியும்.

புதுப் பூச்சு உள்ளவர்களுக்கு ஓரிரண்டு சொல்லிவிடுகிறோம். பூச்சு முடிந்து குறைந்தது நாலு கிழமை காயவிடுங்கள். புதுச் சீமெந்தின் காரம் பெயின்றைத் தின்றுவிடும். காரத்தைத் தாங்கும் பிரைமர் ஒரு முறை அடிக்காமல் நிறத்தைத் தொட வேண்டாம். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் கழுவ வேண்டாம், உலர்ந்த பிரஷால் தட்டி, திரும்பப் பூக்கிறதா என்று இரண்டு கிழமை பாருங்கள்; பூத்தால் ஈரம் எங்கேயோ ஏறுகிறது, அதை முதலில் நிறுத்துங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒன்பது அடி உயரம் என்றால் கதவு யன்னல் கழித்து ஏறக்குறைய 350 சதுர அடி. ஒரு லீற்றர் ஒரு முறைக்கு நூறு நூற்றுப்பத்துச் சதுர அடி மூடும். இரண்டு முறைக்கு ஆறரை ஏழு லீற்றர். பூச்சுக் கரடு முரடாக இருந்தால் இன்னும் கூடும். எட்டு வாங்கினால் மிஞ்சியது பிறகு உதவும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கலவையில் வாங்க வேண்டும். மாரிக்கு முந்தி, ஆவணி புரட்டாதியில் அடிப்பது காய்வதற்கு நல்லது. ஆனால் சோளகம் அடிக்கிற நாளில் வெளிச்சுவரைத் தொட வேண்டாம், ஈரப் பெயின்றில் கிறவல் தூள் வந்து ஒட்டினால் அரத்தாள் மாதிரி ஆகிவிடும்.

"ஊத்தை தெரியாது" என்று மகள் சொன்னது பெரிய விசயம்தான், அதை நாங்கள் மறக்கவில்லை. பீலி இல்லாத கூரையிலிருந்து விழுகிற மழைத்தண்ணி செம்மண்ணில் குத்தித் தெறித்து இரண்டடி உயரத்துக்குச் சுவரை நாசமாக்கும். எந்த வெளிர் நிறமும் அதற்குத் தாக்குப்பிடிக்காது. பள்ளிக்கூடங்களில் அடிச்சுவருக்கு ஒரு கடும் நிறப் பட்டை இருக்கும், நாங்கள் முதுகு சாய்த்து நின்ற பட்டை, ஞாபகம் இருக்கிறதா? அதே மாதிரி வெளிச்சுவரின் அடியில் மூன்றடிக்கு மண் நிறத்தில் ஒரு பட்டை அடித்தோம். முற்றத்து மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய்க் கடையில் அந்த நிறத்தையே கேட்டோம். மாரி முடிந்து பார்த்தபோது தெறித்தது தெரியவே இல்லை.

மகள் போன ஆடியில் விடுமுறைக்கு வந்தா. பத்து நாள் நின்றா. நிறத்தைப் பற்றி முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் நெல் அறைக்குள் கனநேரம் இருந்துவிட்டு வந்து, "அந்தக் கணக்கில 2006 சிறுபோகத்துக்கு அப்பா கூட்டினது பிழை, ஒரு மூடை குறைச்சுப் போட்டிருக்கிறார்" என்றா. அக்கா, "அது எனக்கு அப்பவே தெரியும். அந்த ஒரு மூடையை ஆருக்குக் குடுத்தவர் எண்டும் தெரியும்" என்றா. தாயும் மகளும் சிரித்த சிரிப்பில் நாங்கள் குசினியில் இருந்து எழும்பி வந்தோம். ஆருக்கு என்று இன்றுவரை எங்களுக்குச் சொல்லவில்லை.

போகும்போது பெயின்ற் வாளி மூடியில் ஒட்டியிருந்த கலவை இலக்கத்தை மகள் படமெடுத்துக்கொண்டு போனா. ஸ்காபரோவில் அது சரிவராது என்று சொன்னோம். பார்ப்போம் என்றா. நீங்களும் உங்கள் வாளி மூடிகளை எறிந்துவிட வேண்டாம். நிறம் திரும்பத் தேவைப்படும்போது அந்த இலக்கம் இல்லாமல் எந்தக் கடைக்காரனாலும் பிடிக்க முடியாது.

மிஞ்சிய இமல்ஷன் இரண்டு லீற்றர் எங்கள் கிளைச் செயலாளர் வீட்டில் இருக்கிறது. நெடுங்கேணியில் எங்கள் கல்லூரியில் படித்த தங்கச்சி ஒருவ பூச்சு முடித்துவிட்டு இருக்கிறா. நாலு கிழமை வருகிற புதன்கிழமை முடிகிறது. அவவின் முற்றம் என்ன மண் என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிறோம். வர விரும்புகிறவர்கள் வவுனியா பஸ் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு நில்லுங்கள். மட்டைகள் நாங்கள் கொண்டுவருகிறோம்.